முங்கு நாற்காலிக்கு வெந்நீர்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் உறையோடு அடுப்பில் போட்டுவிடாதே. ஒரு பக்கம் படி. பிறகு உன் இஷ்டம்.

நேற்று மாலை கல்லூரிப் பிள்ளைகள் ஒரு கூட்டமாக என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். இங்கே அரசு மருத்துவமனையில் குழந்தைகள் வார்டு இருக்கிறது. மூச்சுத் திணறி வருகிற குழந்தைகளுக்கு மருந்தை ஆவியாக்கிக் கொடுக்கிற இயந்திரம் அங்கே ஒன்றே ஒன்றுதான் ஓடுகிறதாம். ஒரு குழந்தைக்கு மாட்டியிருக்கும்போது அடுத்த குழந்தை அம்மா மடியில் இழுத்துக்கொண்டு காத்திருக்கிறது. புதிதாக வாங்கித் தர இந்தப் பிள்ளைகளே சேர்ந்து ஒரு கார்னிவல் நடத்தப்போகிறார்கள். வளையம் எறிவது, பலூன் சுடுவது, முகத்தில் புலி வரைவது, அப்படி. அதற்குப் பள்ளி மைதானம் வேண்டும். நான் ஓய்வு பெற்றுவிட்டாலும் மைதானத்துச் சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

முடியாது என்றேன். மைதானத்தில் பள்ளம் தோண்டுவார்கள், குப்பை போடுவார்கள், எனக்குத் தெரியாதா. தலைவியாக வந்த பெண் கையைக் கட்டிக்கொண்டாள். "சரிங்க சார். நாங்க இங்கயே உட்கார்ந்திருக்கோம். உங்களுக்கு எப்ப முடியுமோ அப்பச் சொல்லுங்க" என்று தாடையைத் தூக்கிச் சொல்லிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். அப்படி உட்காருகிற ஆளை என் வாழ்நாளில் ஒருத்தியைத்தான் பார்த்திருக்கிறேன்.

"உன் பாட்டி சலவைக்கூடத்துல வேலை பார்த்தவங்களாம்மா?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சுபோச்சா சின்னத் தாத்தா? பாட்டிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தோலை உரிச்சிடுவாங்க."

நீ வளர்த்த பேத்தி சில்வண்டுதான் அக்கா. சாவியைக் கொடுத்துவிட்டேன்.

சொல்லாதே என்றுதான் சொன்னாள். ஆனால் பிள்ளை எங்கே இருக்கிறது என்று வீட்டுக்குத் தெரிவிக்காமல் இருக்க என்னால் முடியாது. அத்தனை வருடம் பார்த்த வேலை அப்படி. அவளைத் திட்டாதே.

உன் தம்பி


பிப்ரவரி 7

தலைமையாசிரியர் ஐயா அவர்களுக்கு,

உன்னோடு இனிப் பேசுவதில்லை என்று நான் சொன்னது சொன்னதுதான். எழுதுவது பேச்சில் சேராது, அதனால் எழுதுகிறேன். நாலாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பாதே.

சில்வண்டு உன் வாசற்படியில் போய் உட்கார்ந்தாள் என்று படித்ததும் எனக்கு அடுப்பில் வைத்திருந்த பால் பொங்கியதுகூடத் தெரியவில்லை. ஊரில் மைதானமே இல்லையா. உடனே போன் போட்டேன். "வேற எடம் பாருடி, அந்த ஆளு மைதானத்துல ஒரு பந்தக்கால் நடக் கூடாது"ன்னு சொன்னேன். "பாட்டி, இது உங்க சண்டை. குழந்தைங்களுக்கு மூச்சு முட்டுறதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல"ன்னு சொல்லி வைத்துவிட்டாள். என் போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. நீ நினைத்தது நடந்தது, சந்தோஷமா.

என்ன சண்டை என்று அவளுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும், தெரியாதது மாதிரி இருப்பாய். அதனால் சொல்கிறேன்.

அப்பா போனபின் நான் பள்ளிக்கூடத்தை விட்டுச் சலவைக்கூடத்துக்குப் போனேன், ஆஸ்பத்திரிப் போர்வைக்கு இஸ்திரிப் பெட்டி போட. நீ படித்தாய். அதற்கு நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை, அது வேறு. நீ ஓய்வு பெற்ற விழாவுக்கு என்னையும் கூப்பிட்டாய். வந்தேன். உன் மச்சினன் வீட்டார் முதல் வரிசை. நான் மூன்றாம் வரிசை, தூணுக்குப் பக்கத்தில். மேடையில் ஊதாத் திரை, இடது ஓரம் கிழிந்து ஊக்கு குத்தியிருந்தது. நீ எழுந்து நன்றி சொன்னாய். அதிகாரிக்குச் சொன்னாய். நிர்வாகிக்குச் சொன்னாய். உனக்குப் பாடம் எடுத்த கணக்கு வாத்தியாருக்கு, கூட வேலை பார்த்தவர்களுக்கு, பள்ளி வேன் ஓட்டுபவருக்கு, தோட்டக்காரருக்கு, கடைசியில் மணியடிக்கிறவருக்கும் சொன்னாய். அடுத்து அந்த மணிக்கே நன்றி சொல்வாய் என்று தோன்றியது. எழுந்து வந்துவிட்டேன்.

உனக்கென்று ஒரு பரிசு வாங்கி வந்திருந்தேன். அதையும் கையோடு திருப்பி எடுத்து வந்தேன். என்ன பரிசு என்று சொல்ல மாட்டேன்.

பிள்ளையை அந்த மைதானத்தை விட்டு அனுப்பு.

அக்கா என்று எழுத மனம் வரவில்லை. ஆனாலும் அக்காதான்.


பிப்ரவரி 10

அன்புள்ள அக்காவுக்கு,

நான் உனக்கு எழுதியது சில்வண்டுக்குத் தெரிந்துவிட்டது. "சின்னத் தாத்தா, நீங்க பாட்டியோட ஒற்றரா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். இரண்டு நாளாக என்னோடு பேச்சு இல்லை. மைதானத்துச் சாவியைக் காலையில் வாங்கவும் இரவில் திருப்பித் தரவும்கூட வேறு யாரையாவது அனுப்புகிறாள். பேசாமல் இருப்பது உங்கள் வீட்டில் பரம்பரையாக வருகிறது போலிருக்கிறது.

வேறு இடம் கிடைக்காது. சுவரொட்டி அடித்தாயிற்று. மைதானம் முழுவதும் மூங்கிலும் கயிறுமாகக் கிடக்கிறது. அவர்களில் ஒருவனுக்குப் பட்டப்பெயர் பூட்டு, சாமான் பெட்டியும் அதன் சாவியும் அவன் பொறுப்பு, ஆணி கேட்டால்கூட எதற்கு என்று கேட்டுத்தான் தருவான். இன்னொருத்திக்கு மைக். வாய் மூடாது. பாதிப் பேர் பரீட்சை என்று நழுவிவிட்டார்கள். மிச்சமிருப்பவர்கள் வகுப்பு முடிந்து ஓடி வந்து, இருட்டும்வரை கட்டுவதும், பிடிக்கவில்லை என்று அவிழ்ப்பதுமாக இருக்கிறார்கள். சத்தம் தாங்கவில்லை என்று ஜன்னலைச் சாத்துகிறேன். சத்தம் நின்றால் என்ன ஆயிற்று என்று திறந்து பார்க்கிறேன்.

விழாவைப் பற்றி. உன்னை மறந்தேன் என்றா நினைத்தாய். பரிசளிப்பு விழாவில் முதல் பரிசை நான் எப்போது கூப்பிடுவேன்? கடைசியில்தானே. ஆறுதல் பரிசு, மூன்றாம் பரிசு, இரண்டாம் பரிசு, அப்புறம்தான். உன்னைக் கடைசியில் மேடைக்கே கூப்பிடுவதாக இருந்தேன். "கடைசியாக" என்று சொல்லி நிமிர்ந்து பார்த்தேன். தூணுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. காலி நாற்காலிக்கு எப்படி நன்றி சொல்வது. எல்லாருக்கும் வணக்கம் என்று முடித்துவிட்டேன்.

கார்னிவல் இருபத்தெட்டாம் தேதி, சனிக்கிழமை. நீ வரலாம்.

தம்பி


பிப்ரவரி 13

தலைமையாசிரியர் அவர்களுக்கு,

சொல்வதாக இருந்தாயாம். யார் சாட்சி? உன் பெண்டாட்டியைக் கூப்பிடாதே, அவள் அன்றைக்கு வாசலில் வருபவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தாள், பச்சைக் கல் தோடு, எனக்கு ஞாபகம் இருக்கிறது.

வேன் ஓட்டுபவர் ஆறுதல் பரிசு, தோட்டக்காரர் மூன்றாம் பரிசு, மணியடிக்கிறவர் இரண்டாம் பரிசு, நான் முதல் பரிசு. நன்றாக இருக்கிறது கணக்கு. இதை உட்கார்ந்திருக்கிறவளுக்கு யார் சொன்னார்கள். நீ என்ன காதில் வந்து ஓதினாயா, "அக்கா, பொறு, கடைசியில வர்றே" என்று. வயதானவளுக்கு எத்தனை பேர் தாண்டிப் போகும்வரை பொறுமை இருக்கும். பஸ் ஸ்டாண்டில் கைக்குட்டை விற்கிற பையன், "என்னாச்சும்மா, யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டான். அப்படி இருந்தது என் முகம்.

போகட்டும். நீ சொல்வது நிஜமாகவும் இருக்கலாம். நிஜம் என்றால் இத்தனை வருடம் நான் வீணாகக் கோபப்பட்டேன் என்றாகிவிடும். அதற்கு நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நான் வரமாட்டேன்.

சில்வண்டு இன்னும் போனை எடுக்கவில்லை. எனக்கு வீட்டில் உட்கார முடியவில்லை. சமையலறைக்குப் போகிறேன், எதற்கு வந்தேன் என்று மறந்து வாசலுக்கு வருகிறேன், போன் அடித்ததா என்று மறுபடி உள்ளே ஓடுகிறேன். கீழ்வீட்டுக்காரி, "பாட்டிம்மா, மேல என்ன, நடைப்பயிற்சியா?" என்று கேட்கிறாள். வேலை என்று வந்தால் சில்வண்டு சாப்பிடாது. சாப்பிடுகிறாளா இல்லையா என்று மட்டும் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

அக்கா


பிப்ரவரி 16

அக்காவுக்கு,

சாப்பிடுகிறாள். நின்றபடி ரொட்டி, நடந்தபடி டீ. என் வீட்டுக்காரி தட்டோடு அவள் பின்னால் மைதானத்தைச் சுற்றுகிறாள்.

வேறு எதுவும் எழுத வேண்டாம் என்றாய். எழுதாமல் முடியாது. இங்கே ஒரு சிக்கல்.

இவர்களுடைய கார்னிவலில் பெரிய கூட்டம் வரப்போவது ஒரே ஒரு விளையாட்டுக்கு. முங்கு நாற்காலி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆள் உயரத் தண்ணீர்த் தொட்டி. அதற்கு மேல் ஒரு பலகை. பலகையில் ஒரு பெரிய மனிதர் உட்காருவார். தள்ளி நின்று பந்தை எறிய வேண்டும். எதிரே இருக்கிற வட்டத் தகட்டில் பந்து பட்டால் பலகை மடங்கி, மனிதர் தொப்பென்று தொட்டிக்குள் விழுவார். பிள்ளைகளே பற்றவைத்துக் கட்டியது. அரிசி மூட்டையை உட்கார வைத்துச் சோதித்தார்கள். மூட்டை விழுந்தது, தொட்டியும் உடைந்தது. மறுபடி கட்டினார்கள்.

உட்காருவதாக ஒத்துக்கொண்டிருந்தவர் கல்லூரி விடுதிக் காப்பாளர். சுவரொட்டியில் அவர் படம்தான். அவரை முக்குவதற்காகவே விடுதி மொத்தமும் சீட்டு வாங்கியிருக்கிறது. நேற்று வந்து, மரியாதை போய்விடும், என்னால் முடியாது என்று சொல்லிவிட்டார்.

பூட்டு தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். மைக்கே வாயை மூடிக்கொண்டாள். சில்வண்டு மட்டும் நின்றுகொண்டிருந்தாள். தாடை தூக்கித்தான் இருந்தது, ஆனால் ஆடிக்கொண்டிருந்தது. இது நின்றால் பாதிச் சீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இயந்திரம் வாங்க முடியாது.

நான் உட்காருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

உடனே அவள் என்னோடு பேச ஆரம்பித்துவிட்டாள். முதல் வார்த்தை: "உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

தம்பி


பிப்ரவரி 18

டேய்,

உனக்கு என்ன புத்தி கெட்டுவிட்டதா. பிப்ரவரி மாதத்தில் பச்சைத் தண்ணீரில் விழுவாயா, இந்த வயதில், உன் நெஞ்சை வைத்துக்கொண்டு.

நீ மறந்திருப்பாய். பட்டவளுக்குத்தான் தெரியும். ஒரு மழையில் நனைந்து வந்தாய், சட்டையை மாற்றாமல் விளையாடினாய். சாயங்காலம் இழுக்க ஆரம்பித்தது. நெஞ்சுக்குழி உள்ளே போய் உள்ளே போய் வருகிறது, உதடு நீலம். அம்மா வேலையிலிருந்து வரவில்லை. உன்னை முதுகில் போட்டுக்கொண்டு பாலத்தைத் தாண்டி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நீ என்னைவிடக் கொஞ்சம்தான் குட்டை, கால் தரையில் இடித்தது. ஒரு செருப்பு எங்கோ போயிற்று, பச்சை வார்ச் செருப்பு, இன்னொன்றைப் பிறகு தூக்கிப் போட்டேன். அங்கேயும் ஒரே ஒரு கருவிதான். வேறு குழந்தைக்கு மாட்டியிருந்தது. "காத்திரு"ன்னு நர்ஸ் சொன்னாள். நான் அவள் மேஜைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "என் தம்பிக்கு மாட்டுற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்"ன்னேன். அந்தக் குழந்தையின் அம்மா என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் தெரியும். அவளுக்கும் அது குழந்தைதானே. இருக்கிறது ஒன்று, யாரைத்தான் குறை சொல்வது.

அதற்குப் பிறகு குளிர்காலம் பூராவும் உனக்கு வெந்நீர்தான். வாய் கொப்பளிக்கக்கூட வெந்நீர். அப்படிக் காப்பாற்றிய உடம்பு இது. இதைத் தூக்கித் தொட்டியில் போட நீ யார்.

நீ உட்காரக் கூடாது. சில்வண்டிடம் சொல், பாட்டி சொன்னாள் என்று.

அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

என்னோடு பேசாத ஒருத்தி என்னைத் தடுக்க முடியாது. பேசு, கேட்கிறேன்.

வைத்தியரைப் பார்த்தேன். சளி இல்லை, ஒரு தடவை இரண்டு தடவை விழலாம், உடனே துடைத்துக்கொள்ள வேண்டும் என்றார். போகும்போது அவரும் ஒரு சீட்டு வாங்கிக்கொண்டார். என்னிடம் படித்தவராம். பிரம்படி ஞாபகம் இருக்கிறதாம்.

அவர் மட்டும் இல்லை. செய்தி ஊர் முழுவதும் போய்விட்டது. பழைய மாணவர்கள் வரிசையில் நின்று சீட்டு வாங்குகிறார்கள். வங்கி மேலாளர், கறிக்கடைக்காரர், போக்குவரத்துப் போலீஸ்காரர். "சார், வெளிய முட்டி போட வெச்சீங்களே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுக் கையைக் குலுக்கிவிட்டுப் போகிறார்கள். இத்தனை பேருக்கு என் மேல் இவ்வளவு பாசம் என்று எனக்குத் தெரியாது. பூட்டு இப்போதுதான் முதல் முறையாகச் சிரித்தான்.

ஒன்று கேட்கிறேன். அந்த ஆஸ்பத்திரித் தரையில் நீ உட்கார்ந்தது எனக்கு மறந்துபோகவில்லை. இந்தப் பிள்ளைகள் வந்து "ஒரே ஒரு இயந்திரம்" என்று சொன்னபோதே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் முடியாது என்று சொன்னேன். சில்வண்டு படியில் உட்கார்ந்ததும் அதற்கு மேல் என்னால் முடியவில்லை. இப்போது நான் எழுந்து போனால் என்ன மனுஷன்.

தம்பி


பிப்ரவரி 22

தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை உன் ஊர் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன், தபால் சரிப்படாது. அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடு.

உன் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், பதில் எழுத வேண்டாம்.

நீ உட்காருவதாக இருந்தால், தொட்டியில் வெந்நீர். கொதிக்கக் கொதிக்க இல்லை. முழங்கையை விட்டுப் பார்த்தால் சுடக் கூடாது, சில்லென்றும் இருக்கக் கூடாது. குழந்தையைக் குளிப்பாட்டுகிற பதம். விரலை விட்டுப் பார்த்துச் சொல்லாதே, விரல் பொய் சொல்லும். ஒவ்வொரு தடவை நீ விழுந்து எழுந்ததும் ஒரு அண்டா புதிதாக ஊற்ற வேண்டும், திறந்த மைதானத்தில் காற்று வாங்கி ஆறிவிடும். உள்ளே கம்பளிப் பனியன் போட்டுக்கொள்.

இதெல்லாம் பிள்ளைகளால் முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன். முடியாது. ஆளுக்கொரு வேலையாக ஓடுவார்கள், தண்ணீர் ஆறிப்போகும். அதனால் நான் வருகிறேன். உனக்காக இல்லை, தண்ணீரைப் பார்க்க வருகிறேன். உன்னோடு பேச மாட்டேன். வெந்நீர் சரியில்லை என்றால் சில்வண்டிடம் சொல்வேன், அவள் உன்னிடம் சொல்லட்டும்.

எனக்கும் ஒரு சீட்டு எடுத்து வைக்கச் சொல். சும்மா வேண்டாம், காசு கொடுத்து வாங்குவேன். ஊரில் உள்ளவன் எல்லாம் உன்னை முக்குவானாம், எனக்கு மட்டும் இல்லையா. ஈரப் போர்வை மூட்டையை வண்டிக்கு வீசி வீசியே காலம் கழித்த கை இது.

அக்கா


பிப்ரவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

டிரைவருக்கு டீயும் பன்னும் கொடுத்தேன். இதையும் அவரிடமே தருகிறேன்.

உன் கடிதத்தைச் சில்வண்டு எல்லாருக்கும் சத்தமாக வாசித்தாள். பிறகு பூட்டு, "முங்கு நாற்காலிக்கு வெந்நீரா? உலகத்துலயே யாரும் போட்டிருக்க மாட்டாங்க"ன்னு ஆரம்பித்தான். எரிவாயு, அண்டா, ஆள் என்று விரல் விட்டு அடுக்கினான். சில்வண்டு, "பூட்டு, எங்க பாட்டி வராங்கடா. வந்து ஒவ்வொரு அண்டாவுலயும் முழங்கையை விடுவாங்க. நீ பதில் சொல்றியா?" என்றாள். அவன் உடனே விடுதிச் சமையற்காரரைத் தேடி ஓடினான். பெரிய பாய்லர் ஒன்று கிடைத்துவிட்டது. காப்பாளர் மனசாட்சி உறுத்தித் தன் அறைக் கெட்டிலையும் கொடுத்தனுப்பியிருக்கிறார். அதை வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை.

முழங்கைப் பதம் என்றால் எத்தனை டிகிரி என்று பொறியியல் பிள்ளைகளுக்குள் சண்டை. எல்லாரும் சட்டைக் கையை மடித்து வாளிக்குள் முழங்கையை விட்டுக்கொண்டு நிற்கிறார்கள். பார்க்க வேண்டிய காட்சி.

மேகம் இருட்டிக்கொண்டு வருகிறது. நாளைக்குள் பெய்து தீர்ந்தால் நல்லது. யாரும் ஓரிடத்தில் நிற்கவில்லை. சில்வண்டு வானத்தைப் பார்க்கிறாள், போனைப் பார்க்கிறாள், மறுபடி வானத்தைப் பார்க்கிறாள். உன்னைக் கூப்பிட எண்களை அழுத்துகிறாள், அடிப்பதற்குள் நிறுத்திவிடுகிறாள். நீயே கூப்பிடு. ஒரு தடவை நீ முதலில்.

நான் பலகையில் உட்கார்ந்ததும் ஒரு நிமிடம் பேச விடுவதாக மைக் சொல்லியிருக்கிறாள். முதல் பந்து உனக்கு. நான் பேசி முடிக்கிறவரைக்கும் எறியாதே.

இந்தத் தடவை கடைசிவரை நில், அக்கா.

தம்பி


மார்ச் 2

தம்பிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். சில்வண்டு பஸ்ஸில் ஏற்றிவிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ் நகருகிறவரைக்கும் விடவில்லை. எதற்கு அழுதாள் என்று கேட்டால், "தூக்கமே இல்ல பாட்டி, அதான்" என்கிறாள். அந்தக் கையெல்லாம் ஆணிக் கீறல்.

முதல் அண்டா பதம் சரியில்லை. இரண்டாவதும் சுமார்தான். மூன்றாவது பரவாயில்லை. அந்தப் பூட்டுப் பையன் கெட்டிக்காரன், நான் சொல்வதற்கு முன்னாலேயே அண்டாவைத் திருப்பிக் கொண்டுபோனான். காப்பாளர் கெட்டிலைத் தேடி வந்தார், அவரையும் ஒரு அண்டா தூக்க வைத்தேன்.

இப்போது உன் பேச்சு. நான் நின்றேன், ஊரே பார்த்தது. பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ பலகையில் கம்பளிப் பனியனோடு உட்கார்ந்து அதிகாரியில் ஆரம்பித்தாய். திருந்த மாட்டாய். நிர்வாகிக்குச் சொன்னாய், நின்றேன். பிள்ளைகளுக்குச் சொன்னாய், சமையற்காரருக்கு, பாய்லருக்குத் தண்ணீர் தூக்கினவருக்குச் சொன்னாய், நின்றேன். எனக்குப் பின்னால் போலீஸ்காரன், "பாட்டிம்மா, சீக்கிரம் எறிங்க, ட்யூட்டிக்குப் போகணும்" என்று அரித்தான், அப்போதும் நின்றேன். இந்தத் தடவையும் நீ சொல்லாமல் வணக்கம் போட்டுவிட்டால் என்ன செய்வேன் என்று பந்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"கடைசியாக, என்" என்றாய்.

என்னைப் பார்த்தாய். கை போய்விட்டது. நான் எறியவில்லை, கை எறிந்துவிட்டது. தகடு டங்கென்றது. மீதி தண்ணீருக்குள் போய்விட்டது. நீ உள்ளே ஏதோ சொன்னாய், குமிழி குமிழியாக வந்தது.

எல்லாரும் கைதட்டினார்கள். உனக்கு அடுத்த அண்டா ஊற்றுவதற்குள் நான் பையைத் திறந்து ஒரு துண்டை எடுத்து நீட்டிவிட்டேன். அந்தத் துண்டுதான் அன்றைக்கு உனக்கு வாங்கிய பரிசு. தடிமனான வெள்ளைத் துண்டு, ஓரம் இரட்டைத் தையல். இத்தனை வருடம் பெட்டியில் மடிப்புக் கலையாமல் இருந்தது.

"தலையைத் துவட்டுடா"ன்னு சொன்னது வாய் தவறி வந்தது. அதை நான் பேசியதாக எடுத்துக்கொள்ளாதே. சில்வண்டு அதைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும், "பேசிட்டீங்க, பேசிட்டீங்க" என்று ஆடிக்கொண்டு வந்தாள். துவட்டு என்பது பேச்சில் சேராது.

இருமல் இருக்கிறதா. நெஞ்சு இழுக்கிறதா. உள்ளதை எழுது.

"கடைசியாக, என்" என்பதற்குப் பிறகு என்ன சொன்னாய் என்பதையும் எழுது.

அக்கா


மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் இல்லை. வைத்தியர் இரண்டு தடவை முக்கிவிட்டார், அவரே நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார், ஒன்றும் இல்லை. உன் வெந்நீருக்குத்தான் நன்றி என்று எழுத வந்தேன், எழுதவில்லை. காரணம் கீழே.

புது இயந்திரங்கள் வந்துவிட்டன. நேற்றுப் பிள்ளைகளோடு வார்டுக்குப் போனேன். ஒரு மூலையில் ஒரு குழந்தைக்கு மாட்டியிருந்தது, அடுத்த கட்டிலில் இன்னொன்றுக்கும் மாட்டியிருந்தது. இரண்டு அம்மாக்களும் ஏதோ துணி விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சில்வண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள், உள்ளே வரவில்லை. பிறகு, "அடுத்த வருஷம் ராட்டினம் வைக்கலாமா தாத்தா?" என்று கேட்டாள். பூட்டு ஓடியே போய்விட்டான்.

நீ கேட்டதை எழுத மாட்டேன். எழுதுவது பேச்சில் சேராது என்று நீதானே சொன்னாய். தண்ணீருக்குள் சொன்னதும் சேராது. வாயால் சொல்ல வேண்டியது அது. நேரில் வந்தால் சொல்கிறேன்.

தம்பி


மார்ச் 9

தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். துண்டைத் துவைத்து வெயிலில் போட்டு வை, தொட்டித் தண்ணீர் வாடை அடிக்கும். உன் பெண்டாட்டியிடம் சொல், எனக்குத் தனியாக எதுவும் சமைக்க வேண்டாம், இருப்பதைச் சாப்பிடுவேன். அந்தப் பச்சைக் கல் தோடு அவளுக்கு நன்றாக இருக்கும், அன்றைக்கே சொல்ல நினைத்தேன்.

மேடை வேண்டாம், மைக் வேண்டாம். அதிகாரி, நிர்வாகி, மணி எல்லாம் அப்புறம் வரட்டும். நான் வாசற்படியில் உட்காருவேன். இந்தத் தடவை என்னிலிருந்து ஆரம்பி.

அக்கா